சீனாவுக்குப் போகிறவர் என்ன சாப்பிட வேண்டும்?

"அடுத்த மாதம் வேலை விஷயமாக முதல்முறை சீனா போகிறேன். குவாங்சோவில் ஒரு வாரம், பிறகு செங்டு, கடைசியில் பெய்ஜிங். ஃப்ரைடு ரைஸ், நூடுல்ஸ், கோபி மஞ்சூரியன் தாண்டி எதுவும் சாப்பிட்டதில்லை. அங்கே தவறவிடக் கூடாதவை எவை? கூட வரும் நண்பர் சைவம், அவர் பாடு என்ன?" இதுதான் கேள்வி.

முதலில் ஒரு கெட்ட செய்தி: மஞ்சூரியன் சீனாவில் கிடையாது. கொல்கத்தாவில் பிறந்த சீன வம்சாவளிச் சமையற்காரர் நெல்சன் வாங் 1975இல் மும்பையில் செய்து பிரபலமாக்கிய பண்டம் அது. இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் வதக்கிக் கரம் மசாலா போட வேண்டிய இடத்தில் சோயா சாஸ் ஊற்றினார், வேலை முடிந்தது. மஞ்சூரியா எனப்படும் வடகிழக்குச் சீனாவில் போய்க் கேட்டால் விழிப்பார்கள். அந்தப் பக்கத்து ஹார்பின் நகரத்தின் பெருமை வேறொன்று. பன்றி இறைச்சியை மெல்லிய தகடாக வெட்டி, உருளைக்கிழங்கு மாவில் தோய்த்து இருமுறை பொரித்து, இனிப்பும் புளிப்புமான பாகில் புரட்டித் தரும் குவோ பாவ் ரோ. ரஷ்ய விருந்தாளிகளின் நாக்குக்காக நூறாண்டுக்கு முன் உருவானது என்பது ஊர்க்கதை. அதேபோல் நம் தள்ளுவண்டி 'ஷெஸ்வான்' சாஸுக்கும் சிச்சுவான் மாகாணத்துக்கும் பெயரோடு சரி.

கோவையில் பம்பு உதிரிபாகம் வாங்கி விற்கும் தொழிலில் பதினோரு வருடமாகச் சீனாவுக்குப் போய் வருகிறேன். முதல் பயணத்தில் நான் சாப்பிட்டது வாழைப்பழமும், பெட்டியில் கொண்டுபோன பருப்புப்பொடியும்தான். இரண்டாம் பயணத்தில் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் மாட்டிக்கொண்டேன். அங்கிருந்துதான் நாக்கு திறந்தது. அதனால் நான் சொல்வது சமையல் பண்டிதர் பேச்சல்ல, பசியோடு போனவன் பேச்சு.

பட்டியலுக்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாம் ஒரு பண்டத்தை ருசியால் எடை போடுகிறோம்: உப்பு, உறைப்பு, புளிப்பு சரியா என்று. சீனர்கள் பாதி எடையைப் பல்லில் வைத்திருக்கிறார்கள். மொறுமொறு, நறுக்நறுக், கொழகொழ, வழவழ என்று நம்மிடமும் இரட்டைச் சொற்கள் ஏராளம். ஆனால் கொழகொழ என்றால் நமக்குக் குறை, அவர்களுக்கு அது ஒரு குணம். கோழிக்காலில் சதையே இல்லையே, எதற்கு இதைத் தின்கிறார்கள் என்று நான் ஒரு வருடம் கேட்டுக்கொண்டிருந்தேன். சதைக்காக அல்ல, தோலும் குருத்தெலும்பும் பல்லில் படும் விதத்துக்காக. இது பிடிபட்டால் மெனு முழுக்கத் திறந்துகொள்ளும். இன்னொன்று, ஊரையும் நேரத்தையும் பார்த்துச் சாப்பிடுங்கள். மதுரை ஜிகர்தண்டாவை டெல்லியில் தேடுவோமா? குவாங்சோவில் காலை, செங்டுவில் ராத்திரி, பெய்ஜிங்கில் ஒரு நீண்ட மதியம். அப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

குவாங்சோவில் தொடங்கலாம், உங்கள் பயணமும் அங்கேதானே. அந்த ஊரில் காலையில் 'யம் சா' போவார்கள். சொல்லுக்குப் பொருள் தேநீர் குடிப்பது, நடப்பது விருந்து. பெரிய கூடம், வட்ட மேசைகள், பேப்பர் விரித்து உட்கார்ந்த பெரியவர்கள், பேரன் பேத்தியோடு குடும்பங்கள். உட்கார்ந்ததும் எந்தத் தேநீர் என்று கேட்பார்கள், பூ-அர் என்று சொல்லுங்கள், கறுப்பாக, மண் வாசத்தோடு, எண்ணெய்ப் பண்டத்துக்குத் தோதாக இருக்கும். பாலும் சர்க்கரையும் கேட்க வேண்டாம். முதல் ஊற்றுத் தேநீரில் கிண்ணத்தையும் குச்சியையும் அலம்புவது ஊர் வழக்கம், அதைக் குடித்துவிடாதீர்கள், நான் குடித்தேன். யாராவது உங்கள் கோப்பையில் ஊற்றினால் இரண்டு விரலை மடக்கி மேசையில் தட்டுங்கள், அதுதான் நன்றி. மாறுவேடத்தில் போன சியான்லோங் பேரரசர் தன் சேவகனுக்குத் தேநீர் ஊற்றினாராம், எல்லார் முன்னும் மண்டியிட முடியாத சேவகன் விரல்களை மண்டியிட வைத்தானாம். கதை உண்மையோ பொய்யோ, பழக்கம் உண்மை. கூஜாவில் நீர் தீர்ந்தால் மூடியைத் திறந்து சாய்த்து வைத்தால் போதும், வந்து ஊற்றுவார்கள்.

கூடவே வருவதுதான் டிம் சம், மூங்கில் கூடையில் மூன்றும் நான்குமாக. ஹார் காவ் கட்டாயம்: இறாலைக் கோதுமை ஸ்டார்ச் மாவில் பொதிந்து அவித்தது, மேல்தோல் கண்ணாடிபோல் இறாலின் சிவப்பைக் காட்ட வேண்டும். தோல் பிய்ந்து கூடையில் ஒட்டினால் கடை சரியில்லை என்று பொருள். சியூ மாய் மேலே திறந்த சிறு பொட்டலம், உள்ளே பன்றி இறைச்சியும் இறாலும். சார் சியூ பாவ், தேன் நிறத்தில் சுட்ட பன்றி இறைச்சியை அடைத்த வெள்ளைப் பஞ்சு ரொட்டி, உச்சியில் பூப்போல் வெடித்திருக்கும். சோங் ஃபன் என்பது அரிசி மாவை மெல்லிய துணிபோல் ஆவியில் அவித்துச் சுருட்டி, மேலே இனிப்பான சோயா ஊற்றித் தருவது. இட்லி, கொழுக்கட்டை, இடியாப்பம் என்று ஆவியில் வளர்ந்த நமக்கு இந்த மேசை அந்நியம் அல்ல. கோழிக்காலை முதல் நாளே எடுங்கள், தள்ளிப் போட்டால் தைரியம் வராது. பொரித்து, ஊறவைத்து, கறுப்புச் சோயா மொச்சைச் சாறில் அவித்திருப்பார்கள். வாயில் போட்டு உறிஞ்சி எலும்பை மட்டும் துப்புவது. துப்புவதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

அதே ஊரில் கஞ்சியும் உண்டு. அரிசி மலர்ந்து, கரைந்து, பருக்கை எது நீர் எது என்று தெரியாத பதம். கான்டனிய மொழியில் ஜூக். ஹாங்காங் கடை மெனுவில் ஆங்கிலத்தில் அதற்கு எழுதும் பெயரோ நம்முடைய 'கஞ்சி'தான், போர்ச்சுக்கீசியர் வாய் வழியாகக் கடல் கடந்தது. நம்மூரில் காய்ச்சல்காரர் உணவு, அங்கே உடம்பு நன்றாக இருப்பவர் வரிசையில் நின்று வாங்குவது. மீன் துண்டோ வேர்க்கடலையோ போட்டுத் தருவார்கள். சுண்ணாம்பும் சாம்பலும் பூசிப் பதப்படுத்திய கறுப்பு வாத்து முட்டை போட்டதும் உண்டு. அந்த முட்டை முதல் தடவை மூக்கைச் சுளிக்க வைக்கும், மூன்றாம் தடவை தேட வைக்கும். தொட்டுக்கொள்ள யோ தியாவ் என்ற நீளமான பொரித்த மாவு.

மாலையில் மண்சட்டிச் சோறு. சட்டியிலேயே அரிசியை வேகவைத்து, மேலே காய்ந்த இறைச்சித் துண்டுகளை அடுக்கி, அடியில் காந்தல் பிடிக்க விடுவார்கள். வீட்டில் அம்மா காந்தலைச் சுரண்டி யாருக்குக் கொடுப்பார் என்று சண்டை நடக்குமே, அந்தச் சண்டைக்கு இங்கே காசு கொடுக்கலாம். ஆவியில் அவித்த முழு மீனும் இந்த ஊர்க் கெளரவம். தொட்டியில் நீந்துவதைக் காட்டச் சொல்லித் தேர்ந்தெடுத்து, சில நிமிடங்கள் மட்டும் அவித்து, இஞ்சிக் கீற்று, வெங்காயத்தாள் தூவி, புகையும் எண்ணெயை மேலே ஊற்றிச் 'சொய்ங்' என்று சத்தம் வர, சோயாவோடு தருவார்கள். மசாலா எங்கே என்று முதலில் தோன்றும். மீன் புதியது, மறைக்க எதுவும் இல்லை என்பதைத்தான் அவர்கள் காட்டுகிறார்கள். மீன் தலை உங்கள் பக்கம் திரும்பியிருந்தால் நீங்கள் முக்கிய விருந்தாளி, முதல் வாய் நீங்கள் எடுத்தால்தான் மற்றவர்கள் குச்சியைத் தூக்குவார்கள்.

வறுவல் வகைகளில் அவர்கள் தேடுவதை 'வொக் ஹே' என்பார்கள், சட்டியின் மூச்சு. கொழுந்துவிடும் தீயில் இரும்புச் சட்டி காய்ந்து, எண்ணெய்த் துளி எரிந்து, பண்டத்தில் ஏறும் புகைமணம். வீட்டு அடுப்பில் வராது. என் அம்மா பிறந்த நாகர்கோவில் பக்கம் வாணலியைச் சீனச்சட்டி என்றே சொல்வார்கள். சட்டி நம்மிடம் எப்போதோ வந்துவிட்டது, அந்தத் தீதான் வரவில்லை.

செங்டு வேறு உலகம். அங்கே போகும்முன் ஒரு காயைத் தெரிந்துகொள்ள வேண்டும்: ஹுவா ஜியாவ். மிளகுபோல் இருக்கும், மிளகல்ல. எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. கொங்கணிக்காரர்கள் மீன் குழம்பில் போடும் திர்ஃபல் இதன் பங்காளி. கடித்தால் உறைக்காது, நாக்கும் உதடும் விறுவிறுவென்று மரத்துப் போகும். 2013இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் சிலரின் உதட்டில் இதைத் தடவிப் பார்த்தார்கள். விநாடிக்கு ஏறக்குறைய 50 முறை அதிர்வதுபோன்ற உணர்வு என்று கணக்கு வந்தது. அதாவது தொடு உணர்ச்சி நரம்பை ஏமாற்றுகிறது. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு நோய் பரப்பும் என்று அஞ்சி அமெரிக்கா 1968 முதல் 2005 வரை இதன் இறக்குமதியைத் தடுத்தே வைத்திருந்தது. இந்த மரப்புக்கு 'மா', மிளகாய் உறைப்புக்கு 'லா'. இரண்டும் சேர்ந்தால் 'மாலா'. மிளகாய் அவர்களுக்கும் நம்மைப் போலவே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த விருந்தாளி. 1591ஆம் ஆண்டு நூல் ஒன்றில்தான் சீனாவில் அதைப் பற்றிய பழைய குறிப்பு கிடைக்கிறது, அதுவும் அழகுச்செடியாக. அதற்கு முன் சிச்சுவான் நாக்கை ஹுவா ஜியாவும் இஞ்சியும் காப்பாற்றின, நம் நாக்கை மிளகு காப்பாற்றியதுபோல.

நீங்கள் ஒரே ஒரு பண்டம்தான் சாப்பிட முடியும் என்றால் அது மாப்போ தோஃபுவாக இருக்கட்டும். 1862 வாக்கில் செங்டுவின் வட எல்லையில் ஒரு பாலத்தருகே சென் குடும்பத்துச் சிறு கடை. எண்ணெய் சுமந்து போகும் கூலிகள் இளைப்பாற வருவார்கள். கடைக்காரர் மனைவி முகத்தில் அம்மைத் தழும்பு. அதனால் மாப்போ, தழும்பு முகத்துப் பாட்டி. தோஃபு, அதாவது சோயாப் பன்னீர், மலிவு, கூலிக்காரரிடம் எண்ணெய் உண்டு, கொஞ்சம் கொத்துமாட்டிறைச்சி. அவ்வளவுதான் மூலதனம். உயிர் அதில் போடும் தோபன் ஜியாங்கில் இருக்கிறது. செங்டுவை ஒட்டிய பிஸியன் என்ற ஊரில் பெரிய மொச்சையையும் சிவப்பு மிளகாயையும் உப்போடு ஜாடியில் போட்டு, வெயிலடித்தால் திறந்து கிளறி, மழை வந்தால் மூடி, வருடக்கணக்கில் புளிக்க வைப்பார்கள். மொட்டைமாடியில் ஊறுகாய் ஜாடிக்குக் காவல் இருந்த எவருக்கும் அந்த வேலை புரியும். நல்ல மாப்போ தோஃபுவில் கட்டி உடையாமல் இருக்கும், ஆனால் நாக்கில் வைத்ததும் கரையும். மேலே சிவப்பெண்ணெய் மிதக்கும், உச்சியில் ஹுவா ஜியாவ் பொடி. சோறில்லாமல் சாப்பிடாதீர்கள். தோஃபுவைப் பற்றி உங்களுக்கு இருக்கும் தாழ்வான எண்ணம், ருசியற்ற பன்னீர் என்பதுதானே, இந்தக் கிண்ணத்தோடு போய்விடும்.

அடுத்து கோங்பாவ் கோழி. நம் ஹோட்டல்களில் சில்லி சிக்கனின் தம்பிபோல் வரும், அங்கே குணமே வேறு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிச்சுவானை ஆண்ட திங் பாவ்ஜென் என்ற அதிகாரிக்குப் பிடித்த பண்டம், அவர் பட்டப்பெயரே பண்டத்தின் பெயர். கலாசாரப் புரட்சிக் காலத்தில் ஒரு முடியாட்சி அதிகாரி பெயரைச் சொல்லிச் சாப்பிடுவதா என்று பெயரை மாற்றிவிட்டார்கள். பிறகு பழைய பெயர் திரும்பி வந்தது. கோழி சின்னச் சதுரம், வேர்க்கடலை, வெங்காயத்தாள், காய்ந்த மிளகாய். சாறை 'லிச்சிச் சுவை' என்பார்கள், லிச்சிப் பழம் எதுவும் இல்லை, அந்தப் பழத்தின் புளிப்பு இனிப்பு அளவு என்று அர்த்தம். காய்ந்த மிளகாயை ஒதுக்கிவிடுங்கள், அது மணத்துக்கு மட்டும். தட்டு நிறைய மிளகாயைப் பார்த்து ஓடிப்போன நம்மவர்களையும், வீம்புக்கு அத்தனையும் தின்றவர்களையும் பார்த்திருக்கிறேன்.

தான்தான் நூடுல்ஸ் ஒரு கிண்ணம் போடுங்கள், நான்கு வாய்தான் வரும். தான் என்றால் காவடித் தண்டு. ஒரு பக்கம் அடுப்பும் மறு பக்கம் சாமானுமாகத் தோளில் காவடி கட்டித் தெருத் தெருவாக விற்றது.

ராத்திரி ஹாட்பாட், மேசை நடுவே கொதிக்கும் சட்டியில் நாமே முக்கி எடுத்துச் சாப்பிடுவது. இதன் தாய்வீடு செங்டுவுக்குப் பக்கத்து சோங்கிங். ஆற்றங்கரைப் படகோட்டிகளும் துறைமுகக் கூலிகளும், யாரும் வாங்காத மாட்டுக் குடலையும் இரைப்பையையும் மலிவாக வாங்கி, மிளகாய்க் கொதியில் முக்கித் தின்றதிலிருந்து வந்தது என்கிறார்கள். கொதிக்கும் எண்ணெய் மாட்டுக் கொழுப்பு, அதைத் தெரிந்துகொண்டு போங்கள். மாடு ஆகாதவர்கள் தாவர எண்ணெய்க் கடையைக் கேட்க வேண்டும். சட்டியை நடுவில் வளைத்துத் தடுத்து ஒரு பாதி காரம், ஒரு பாதி வெள்ளைச் சாறு வரும் வகையைக் கேளுங்கள், அதற்கு 'யுவான்யாங்' சட்டி என்று பெயர், ஜோடி வாத்து. சோங்கிங்காரர் சிரிப்பார், பரவாயில்லை. இரைப்பைத் துண்டைக் குச்சியில் பிடித்து 'ஏழு ஏற்றம் எட்டு இறக்கம்' முக்கி எடுப்பது விதி, பத்துப் பதினைந்து விநாடி. கூடினால் ரப்பர், சரியாக இருந்தால் கறக்கென்று கடிபடும். மறுபடியும் பல்தான். தொட்டுக்கொள்ள நல்லெண்ணெயும் நசுக்கிய பூண்டும், சூட்டையும் உறைப்பையும் அது தணிக்கும். நல்லெண்ணெயில் இட்லிப்பொடி குழைத்தவர்களுக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மறுநாள் காலையில் தொழிற்சாலைப் பார்வை ஏதும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பெய்ஜிங்கில் வாத்து. சுற்றுலாப் பண்டம்தானே என்று நான் மூன்று வருடம் தவிர்த்தேன், வீண் கர்வம். வாத்தின் தோலுக்கும் கொழுப்புக்கும் இடையே காற்றை ஊதிப் பிரித்து, கொதிநீர் ஊற்றி இறுக்கி, மால்ட் பாகு தடவி, காற்றில் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். வறண்ட தோல்தான் கண்ணாடிபோல் உடையும். அடுப்பில் இரண்டு கட்சி. 1416இல் தொடங்கியதாகச் சொல்லும் பியான்யிஃபாங் என்ற கடை மூடிய அடுப்பில், தீ நேரடியாகப் படாமல் வேகவைக்கிறது. 1864இல் தொடங்கிய சுவான்ஜூதே திறந்த அடுப்பில் பழமர விறகுத் தீயில் தொங்கவிடுகிறது. இன்று பெரும்பாலான கடைகள் இரண்டாம் கட்சி. சமையற்காரர் மேசைக்கே வந்து வெட்டுவார், ஒரு வாத்தை 108 துண்டாக்குவது பழைய கணக்கு என்பார்கள், நம் ஊர் எண்தான். முதலில் மார்புத் தோலைச் சர்க்கரையில் தொட்டு, அப்படியே. இது விசித்திரமாகத் தோன்றும், செய்து பாருங்கள். பிறகு சப்பாத்தியைவிட மெல்லிய ரொட்டியில் இனிப்பு மாவுச் சாந்து தடவி, வெங்காயத்தாளும் வெள்ளரிக் கீற்றும் வைத்து, தோலும் சதையுமாக இரண்டு மூன்று துண்டு சுருட்டிக் கையால் சாப்பிடலாம். எலும்புக்கூட்டை விட்டுவிடாதீர்கள், கேட்டால் சூப்பாக்கித் தருவார்கள். 1971 ஜூலையில் அமெரிக்க அதிபரின் ஆலோசகர் கிஸ்ஸிங்கர் ரகசியமாக வந்தபோது பேச்சு சூடானதும், வாத்து ஆறிவிடும், முதலில் சாப்பிடுவோம் என்று சீனப் பிரதமர் சோ என்லாய் எழுந்தாராம். இரண்டு பேருக்கு அரை வாத்து போதும்.

அதே பெய்ஜிங்கில் தோ ஜிர் என்று ஒரு பானம் உண்டு, பாசிப்பயறு மாவெடுத்த பின் மிஞ்சும் நீரைப் புளிக்கவைத்தது, சாம்பல் பச்சை நிறம். உள்ளூர்க்காரர் உங்களைச் சோதிக்க வாங்கித் தருவார். மூன்று நாள் நீராகாரத்தைச் சூடாக்கியதுபோல் இருந்தது. இரண்டு மிடறுக்கு மேல் என்னால் முடியவில்லை. பாசிப்பயறு வேறு வழியில் ஈடுகட்டுகிறது. வடக்கில் தெருவோரக் காலை உணவான ஜியான்பிங், அதிலும் தியான்ஜின் பக்கத்து வகை, பாசிப்பயறு மாவைத் தோசைக்கல்லில் மரத்தட்டியால் இழுத்து வார்ப்பது. அசல் பெசரட்டு! மேலே முட்டை உடைத்துப் பரப்பி, சாந்து தடவி, மொறுமொறு அப்பளத் தகடு வைத்து மடித்துத் தருவார். அவசர வேலை நாளில் இதைவிட நல்லது இல்லை.

உங்கள் வழியில் இல்லாத ஊர்களின் பண்டங்கள் சிலவும் எல்லா நகரத்திலும் கிடைக்கும். லான்ஜோ மாட்டிறைச்சி நூடுல்ஸ் அவற்றில் முதல். மாவைக் கையாலேயே இழுத்து, மடித்து, மறுபடி இழுத்து, கண்முன்னே நூறு இழையாக்கிக் கொதிநீரில் எறிவார். மா பாவ்ஸி என்ற ஹுய் முஸ்லிம் 1915இல் வடிவமைத்தது என்பது ஊர் நினைவு. தெளிந்த சாறு, வெள்ளை முள்ளங்கி, சிவப்பு மிளகாயெண்ணெய், பச்சைக் கொத்தமல்லி, மஞ்சள் நூடுல்ஸ், இந்த ஐந்தும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மயிரிழையிலிருந்து பெல்ட் அகலம் வரை எந்தத் தடிமன் என்று கேட்பார்கள். லான்ஜோவில் அது காலைச் சாப்பாடு. முஸ்லிம் நண்பர்களுக்கும் சொல்லி வைக்கிறேன், இந்தக் கடைகள் பெரும்பாலும் ஹலால், 'சிங்ஜென்' என்று பலகை இருக்கும்.

ஷாங்காய் பக்கத்து ஷியாவ்லோங்பாவ் உள்ளே சாறு நிறைந்த சிறு பொட்டலம். சாறை எப்படி உள்ளே வைத்தார்கள்? பன்றித்தோல் சாறைக் குளிரவைத்துக் கட்டியாக்கி இறைச்சியோடு பிசைந்து அடைக்கிறார்கள், ஆவியில் உருகிவிடுகிறது. கரண்டியில் வைத்து, ஓரத்தில் சிறு ஓட்டை கடித்து, உறிஞ்சி, பிறகு கறுப்பு வினிகரும் இஞ்சிக் கீற்றும் தொட்டுச் சாப்பிட வேண்டும். அப்படியே வாயில் போட்டால் நாக்கு வெந்துவிடும். ஹாங்சோவின் தோங்போ பன்றி இறைச்சி, கவிஞர் சூ தோங்போ பெயரால் வந்தது. நாடுகடத்தப்பட்டு ஏழ்மையில் இருந்தபோது மலிவான பன்றி இறைச்சியைச் சிறு தீயில், கொஞ்சம் நீரில், பொறுமையாக வேகவிடு என்று கவிதையே எழுதியவர். 1089இல் ஹாங்சோவுக்கு ஆளுநராக வந்தார். கொழுப்பும் தோலும் சதையும் அடுக்கடுக்காக, குச்சி பட்டாலே பிரியும். மீன் தலைக் குழம்புக்கு உயிரை விடுகிறவரா நீங்கள்? ஹூனான் உணவகம் எங்கே தென்பட்டாலும் நுழையுங்கள். பெரிய மீன் தலையை இரண்டாகப் பிளந்து, புளிக்கவைத்த நறுக்கு மிளகாயைச் சிவக்கச் சிவக்க மேலே பரப்பி அவிப்பார்கள். மிச்சச் சாறில் நூடுல்ஸ் போட்டுப் புரட்டிக்கொள்ளலாம்.

இனி உங்கள் நண்பர். பட்டினி கிடக்க மாட்டார், ஆனால் ஏமாறுவார். 'ரோ', அதாவது இறைச்சி, வேண்டாம் என்றால், துண்டு போட மாட்டார்கள், கொத்திப் போட்டது, பன்றிக்கொழுப்பு, சிப்பிச் சாஸ் எல்லாம் அவர்கள் கணக்கில் இறைச்சி ஆகாது. வெறும் ரோ என்றாலே பன்றிதான் என்பதும் நினைவில் இருக்கட்டும். கோழி ஜி ரோ, மாடு நியூ ரோ, ஆடு யாங் ரோ. 'வோ ச்சி சூ', நான் சைவம் சாப்பிடுகிறவன், என்று கைப்பேசியில் சீன எழுத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், அதோடு சிப்பிச் சாஸ், கோழிப்பொடி, பன்றிக்கொழுப்பு வேண்டாம் என்று தனியாக ஒரு வரி. பாதுகாப்பான இடம் புத்தக் கோயிலை ஒட்டிய சைவ உணவகம். செங்டுவில் வென்ஷூ மடத்திலேயே ஒன்று உண்டு. கோதுமைப் புரதத்திலும் தோஃபுவிலும் செய்த 'வாத்து', 'மீன்' என்று பெயர் பயமுறுத்தும், உள்ளே ஒன்றும் இல்லை. அந்தச் சமையலில் பூண்டும் வெங்காயமும்கூடத் தள்ளுபடி. புத்தத் துறவிகள் விலக்கும் ஐந்து காட்டமான பொருள்களின் பழைய பட்டியலில் ஐந்தாவது என்ன தெரியுமா? பெருங்காயம். நம் வீட்டு ரசம் அங்கே அசைவம்.

சாதாரணக் கடையில் அவருக்குப் பூண்டு வதக்கிய வள்ளைக்கீரை, நசுக்கிய வெள்ளரி, உருளையும் கத்திரியும் குடமிளகாயும் சேர்ந்த தி சான் சியான் ஆகியவை சரிப்படும். 'மீன்மணக் கத்திரிக்காய்' என்ற பெயரில் மீன் கிடையாது, மீனுக்குப் போடும் மசாலா என்று பொருள், ஆனால் கொத்திறைச்சி சேர்ப்பார்கள், தடுக்க வேண்டும். உருளைக்கிழங்கு இழை வறுவல் ஒன்று இருக்கிறது: தீக்குச்சிபோல் சீவி, மாவு போக அலசி, காய்ந்த மிளகாயும் வினிகரும் போட்டு இரண்டு நிமிடம். பாதி வெந்து நறுக்கென்று இருக்கும். நம்மவர் வேகவில்லை என்று திருப்பி அனுப்புவார். அனுப்பாதீர்கள், அதன் பதமே அதுதான்.

இன்னும் இரண்டு நடைமுறைச் சேதி. விருந்தில் சோறு கடைசியில்தான் வரும், வயிறு நிறைந்த பிறகு. குழம்பைச் சோறில்லாமல் எப்படி என்று முழிக்காமல் முதலிலேயே 'மிஃபான்' என்று கேட்டுவிடுங்கள். சோற்றில் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள், இறந்தவர்க்கு ஊதுவத்தி வைப்பதுபோல் ஆகிவிடும்.

கடைசியாக, எந்தச் சுற்றுலாப் புத்தகமும் பெரிதாகச் சொல்லாத ஒன்று. கேண்டீனில் எனக்கு நாக்கைத் திறந்தது அதுதான், தக்காளி முட்டை. சீனாவில் பிள்ளைகள் முதலில் கற்கும் சமையல் இதுதான். நம் தக்காளி முட்டைப் பொரியலில் முட்டையை உதிர்த்துவிடுகிறோம், அவர்கள் உதிர்ப்பதில்லை. நான்கு முட்டையை உப்போடு அடித்து, நன்றாகக் காய்ந்த எண்ணெயில் ஊற்றி, பொங்கிப் பஞ்சாக வந்ததும் முக்கால் பதத்தில் பெரிய துண்டுகளாக எடுத்துவிடுவார்கள். அதே சட்டியில் வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி, மூன்று பழுத்த தக்காளி, சாறு விடும்வரை வதக்கி, உப்பு, அரைக் கரண்டி சர்க்கரை. முட்டையைத் திருப்பிப் போட்டு இரண்டு புரட்டு, மேலே பச்சைத் தாள். மஞ்சள்தூள் வேண்டாம், மிளகாய்ப்பொடியும் வேண்டாம். சுடுசோற்றில் அந்தச் சாறை ஊற்றிப் பிசையாமல் சாப்பிட்டுப் பாருங்கள். ஊர் திரும்பிய பிறகும் செய்யலாம், எந்தக் கடைச் சாமானும் தேட வேண்டியதில்லை.